ஆரம்பக் கட்ட ஆசனவாய்ப் புற்றுநோய்: கத்தியா, கதிரா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அக்காவுக்கு 54 வயது. மாதக்கணக்கில் ரத்தம் பட்டதை மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டு இருந்திருக்கிறார். கடைசியில் சதை டெஸ்ட் எடுத்ததில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (தட்டைச் செல்களில் வரும் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது. கட்டி ஆசனவாய்க் குழாய்க்குள், இரண்டரை செ.மீ. அளவு. நெறிகட்டி எதுவும் இல்லை, வேறு எங்கும் பரவவில்லை. ஒரு சர்ஜன், "ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாயிற்று, மொத்தமாக எடுத்துவிட்டால் நிம்மதி, ஆனால் வயிற்றில் நிரந்தரமாக மலம் சேரும் பை இருக்கும்" என்கிறார். இன்னொரு மருத்துவமனையில், ஆபரேஷனே வேண்டாம், ஆறு வாரம் கரண்ட்டும் (ரேடியேஷனும்) கூடவே கீமோவும் போதும் என்கிறார்கள். ஆரம்பக் கட்டம் என்றால் வெட்டி எடுப்பதுதானே நல்லது, ரேடியேஷன் என்றாலே கைவிட்ட கேஸ் இல்லையா என்பது உங்கள் கவலை.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய விவரங்கள் சரியாக இருந்தால், இரண்டாவது மருத்துவமனை சொன்னதுதான் இந்த நோய்க்கு உலகம் முழுக்க முதலில் கொடுக்கிற சிகிச்சை. ரேடியேஷனும் கீமோவும் சேர்த்து, முழுக்கக் குணமாக்கும் நோக்கத்தோடு கொடுப்பது. ஆபரேஷன் செய்ய முடியாததால் இதற்குப் போவதில்லை. செய்ய முடிகிற நிலையிலேயே வேண்டாம் என்று கையிருப்பில் வைக்கிறார்கள். நான் ரேடியேஷன் துறையில் வேலை பார்க்கிறவன், ஆகவே என் கடைச் சரக்கை விற்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த வழியைக் கண்டுபிடித்தவரே ஒரு சர்ஜன்தான்.

அவர் பெயர் நார்மன் நிக்ரோ. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குடல் அறுவை மருத்துவர். அவர் காலம்வரை ஆசனவாய்ப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் ஒரே வழிதான்: வயிற்றுப் பக்கம் திறந்து, கீழே இருந்தும் வெட்டி, மலக்குடலின் அடிப்பகுதி, ஆசனவாய், சுருக்குத் தசை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, அந்த இடத்தைத் தைத்து மூடிவிடுவது. 1908-இல் லண்டன் சர்ஜன் எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடல் புற்றுநோய்க்காக எழுதி வைத்த ஆபரேஷன் அது; இன்றும் ஏபிஆர் என்ற பெயரில் நடக்கிறது. உங்கள் சர்ஜன் சொன்னதும் அதைத்தான். இவ்வளவு பெரிய வெட்டுக்குப் பிறகும் பலருக்கு அதே இடத்திலோ தொடை இடுக்கிலோ நோய் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அதைக் குறைக்கலாமே என்றுதான் ஆபரேஷனுக்கு முன்னால் கொஞ்சம் கதிரும் கொஞ்சம் மருந்தும் கொடுத்துப் பார்த்தார் நிக்ரோ. வெறும் 30 கிரே (கதிரை அளக்கும் அலகு அது), மூன்று வாரம். கூடவே 5-எஃப்யூ, மைட்டோமைசின் வகை கீமோ மருந்துகள். கட்டி சுருங்கினால் வெட்டுவது சுலபம், அவ்வளவுதான் கணக்கு. 1974-இல் மூன்றே மூன்று நோயாளிகளைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். இரண்டு பேருக்குத் திட்டப்படி ஆபரேஷன் நடந்தது. எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் துருவிப் பார்த்தால் புற்றுநோய் செல் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது ஆள் ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவருக்கும் கட்டி காணாமல் போயிருந்தது.

இந்த மூன்றாவது ஆளை நினைத்துப் பாருங்கள். டாக்டர் சொன்னதைக் கேட்காத நோயாளி. இந்தத் துறையின் போக்கு திரும்பியதில் அவர் மறுப்புக்கும் ஒரு பங்கு உண்டு. வெட்டிய இருவரிடமும் நோய் இல்லை, வெட்டாதவரிடமும் நோய் இல்லை என்றால் எதற்கு வெட்டுகிறோம் என்ற கேள்வி வந்துதானே தீரும்? நிக்ரோவும் மற்றவர்களும் படிப்படியாக ஆபரேஷனைத் தள்ளிவைத்து, கதிர்–கீமோ முடிந்த பிறகும் நோய் மிச்சம் இருந்தால் மட்டும் வெட்டுவது என்ற முறைக்கு வந்தார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். ஏபிஆர் ஒரு பக்கம், கதிர்–கீமோ ஒரு பக்கம் என்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு எதுவும் நடக்கவில்லை. இனி நடக்கவும் நடக்காது; ஆசனவாயைக் காப்பாற்றும் வழி இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது, பாதிப் பேரை நிரந்தரப் பைக்கு அனுப்பும் ஆய்வில் யார் சேருவார்கள்? நமக்குக் கிடைத்திருக்கும் ஆதாரம் அடுத்த படியில் இருந்து வருவது. ரேடியேஷன் மட்டும் போதுமா, கீமோவும் வேண்டுமா என்று பிரிட்டனில் 585 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆக்ட் 1 என்ற அந்த ஆய்வு 1996-இல் வெளியானது. ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 59 சதவீதம் பேருக்கு அந்த இடத்து நோய் கட்டுப்படவில்லை. கீமோவும் சேர்த்தவர்களில் அது 36 சதவீதம். பதின்மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் அப்படியே நின்றது. எந்த மருந்து என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது: மைட்டோமைசினுக்குப் பதில் சிஸ்பிளாட்டின் போட்டுப் பார்த்தார்கள், கூடுதல் லாபம் எதுவும் இல்லை. ஆகவே மைட்டோமைசினும் 5-எஃப்யூவும்தான் இன்றுவரை அடிப்படை. 5-எஃப்யூ பம்ப்புக்குப் பதில் கேப்சிடபின் மாத்திரை கொடுக்கும் இடங்களும் நிறைய.

அடுத்து வந்த ஆக்ட் 2 ஆய்வில் 940 பேர். அதில் சின்னக் கட்டி, பெரிய கட்டி, நெறிகட்டி உள்ளவர்கள் எல்லோரும் கலந்து இருந்தார்கள். அப்படியும் சிகிச்சை ஆரம்பித்து 26 வாரம் கழித்துப் பார்த்தபோது சுமார் 90 சதவீதம் பேருக்குக் கட்டி முழுசாக மறைந்திருந்தது. சிலருக்குப் பிறகு திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் உங்கள் அக்காவுக்கு இருப்பது போல நெறி பாதிக்காத சிறிய கட்டிகள் அந்தக் கூட்டத்திலேயே நன்றாகத் தேறுகிற ரகம்.

சரி, வெட்டி எடுப்பது ஏன் இதைவிட மேலாக இல்லை? காரணம் அந்த இடத்து உடற்கூறில் இருக்கிறது. ஆசனவாய்க் குழாய் மொத்தமே நாலு செ.மீ. நீளம். அதைச் சுற்றி மோதிரம் போலச் சுருக்குத் தசை. இரண்டரை செ.மீ. கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுத்தால்தான் அது புற்றுநோய் ஆபரேஷன். நாலு செ.மீ. குழாயில் அப்படி எடுத்தால் தசை மிஞ்சாது. தசை மிஞ்சாவிட்டால் மலத்தை அடக்க முடியாது. அதனால்தான் சின்னக் கட்டிக்கும் பெரிய ஆபரேஷன், நிரந்தரப் பை. இன்னொன்று, ஆசனவாயின் கீழ்ப்பகுதியில் இருந்து நிணநீர் ஓடுவது தொடை இடுக்குக்கு. ஏபிஆர் அந்தப் பக்கமே போவதில்லை. ஸ்கேனில் தெரியாத துளி நோய் அங்கே இருந்தால் அப்படியே இருக்கும். ரேடியேஷன் பிளான் போடும்போது கட்டியோடு இரண்டு தொடை இடுக்கையும் இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறோம். இதற்கெல்லாம் மேல், இந்த ரகச் செல்கள் கதிருக்கு நன்றாகவே மடங்குகின்றன, முக்கியமாக ஹெச்பிவி வைரஸால் வந்தவை.

அப்படியானால் ஆரம்பக் கட்டத்தில் கத்திக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, இடத்தைப் பொறுத்து. ஆசனவாய்க்கு வெளியே, சுற்றியுள்ள தோலில், இரண்டு செ.மீ.க்குள் ஒரு கட்டி இருக்கிறது, தசையைத் தொடவில்லை, செல்களும் ரொம்ப முரட்டு ரகமாக இல்லை என்றால் சுற்றிலும் நல்ல தோலோடு வெட்டி எடுத்தாலே போதும். பை கிடையாது, ஆறு வார ரேடியேஷன் கிடையாது. அப்படிப்பட்டவரை நேராக என்னிடம் அனுப்பினால் நானே சர்ஜனிடம் திருப்பி அனுப்புவேன். பிரிட்டனில் இதையே ஒழுங்காகச் சோதிக்க ஆக்ட் 3 என்ற ஆய்வைத் தொடங்கினார்கள்: வெட்டிய ஓரத்துக்கும் நோய்க்கும் நடுவே ஒரு மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் சும்மா கவனித்துக்கொண்டிருப்பது, அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் குறைந்த அளவில் கதிர்–கீமோ.

இன்னொரு ரகம், தற்செயலாகக் கிடைப்பது. மூலம் என்றோ தோல் மடிப்பு என்றோ எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் துளி புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. ஆழம் 3 மி.மீ.க்குள், அகலம் 7 மி.மீ.க்குள், முழுசாக எடுத்தாயிற்று என்றால் அதற்கென்று தனிப் பெயரே உண்டு, பெரும்பாலும் கவனிப்பு மட்டும் போதும். இந்த அளவுகள் ரிப்போர்ட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் "கார்சினோமா" என்று மட்டும் இருந்தால் பத்தாலஜிஸ்ட்டிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

குழாய்க்குள் இருக்கும் இரண்டு செ.மீ.க்குக் குறைந்த கட்டி விஷயத்தில்தான் உண்மையான சர்ச்சை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இருந்து இப்படிப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துப் பார்த்தார்கள். கட்டியை மட்டும் வெட்டியவர்களும் கதிர்–கீமோ பெற்றவர்களும் ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான், எண்பத்தைந்து சதவீதத்தை ஒட்டி. இதைக் காட்டி, வெட்டினால் போதும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பதிவேட்டில் யார் உயிரோடு இருக்கிறார் என்பது இருக்கும், யாருக்கு அதே இடத்தில் நோய் திரும்பி, பிறகு கதிரோ பையோ தேவைப்பட்டது என்பது இருக்காது. அதுவும் போக, வெட்டினால் போதும் என்று சர்ஜன் தேர்ந்தெடுத்தவர்கள் ஏற்கெனவே மிகச் சின்னக் கட்டிக்காரர்களாக இருந்திருப்பார்கள். எப்படி இருந்தாலும் உங்கள் அக்காவின் இரண்டரை செ.மீ. இந்தச் சர்ச்சைக்குள் வராது. அது இரண்டாவது அளவு வகை, கதிர்–கீமோதான்.

அந்த சர்ஜனை நான் குறை சொல்லவில்லை. ஒரு பொது சர்ஜன் தன் வாழ்நாளில் பார்க்கிற மலக்குடல் புற்றுநோயின் எண்ணிக்கையோடு பார்த்தால் ஆசனவாய்ப் புற்றுநோய் சொற்பம். மலக்குடலின் அடியில் வருவது பெரும்பாலும் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் வரும் புற்றுநோய். அதற்கு ஆபரேஷன் இன்றும் முக்கியம், சில சமயம் ஏபிஆரும் வேண்டியிருக்கும். இடம் பக்கத்துப் பக்கத்தில், அறிகுறி ஒன்றே, நோய் வேறு. அதனால் ரிப்போர்ட்டை எடுத்து ஒரு தடவை நீங்களே படியுங்கள். "ஸ்குவாமஸ்" என்று இருக்கிறதா? பேசலாய்டு, க்ளோயகோஜெனிக் என்று இருந்தாலும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். "அடினோகார்சினோமா" என்றோ "மெலனோமா" என்றோ இருந்தால் நான் எழுதியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் வாங்கிப் பெரிய மையம் ஒன்றில் திரும்பப் படிக்கச் சொல்லலாம். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அது உங்கள் உரிமை.

ஸ்குவாமஸாக இருந்தும் ஆபரேஷனை முதலில் வைக்க நியாயம் உள்ள நிலைமைகள் சில உண்டு. அதில் ஒன்று நம் ஊர்ப் பெண்களுக்கு நிஜமாகவே வரக்கூடியது. முன்பு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் முழு அளவு ரேடியேஷன் வாங்கியவராக இருந்தால் அதே இடத்தில் திரும்ப முழு அளவு கொடுப்பது ஆபத்து. இரண்டு நோய்க்கும் காரணம் ஒரே வைரஸ் என்பதால் ஒருவருக்கே இரண்டும் வருவது நடக்கிறதுதான். அக்காவுக்கு முன்பு அப்படி எதுவும் சிகிச்சை நடந்திருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், இருபது வருடத்துக்கு முன்னால் நடந்ததாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இனி அந்த ஆறு வாரம் எப்படி இருக்கும் என்று. "கரண்ட்" என்று சொன்னாலும் ஷாக் எதுவும் அடிக்காது, எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், மெஷினில் ஒன்றும் தெரியாது. முதல் நாள் சிடி ஸ்கேன் எடுத்து அளவு பார்ப்பார்கள். இடுப்பு அசையாமல் இருக்கப் பிளாஸ்டிக் வலை ஒன்றைச் சுடுதண்ணீரில் இளக்கி மேலே போட்டு அச்சு எடுப்பார்கள்; சில இடங்களில் மையால் அல்லது கடுகளவு பச்சை குத்திய புள்ளியால் குறி வைப்பார்கள். ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட அளவு தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிரம்பிய பிறகுதான் மேஜையில் ஏற்றுவார்கள், குடல் மேலே தள்ளி நிற்கட்டும் என்று. வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம். ஆக்ட் 2 ஆய்வில் கொடுத்த அளவு 28 தடவையில் 50.4 கிரே. ஹாலிவுட் நடிகை மார்சியா கிராஸ் 2019-இல் தனக்கு இந்த நோய் வந்ததை வெளிப்படையாகப் பேசினார்; அவரும் 28 ரேடியேஷன் என்றுதான் சொன்னார். இப்போது ஐஎம்ஆர்டி முறையில் கொடுக்கிறார்கள். பல கோணங்களில் இருந்து கதிரின் அளவைக் கூட்டிக் குறைத்து, குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் படுவதைக் குறைப்பது. அந்த மருத்துவமனையில் இந்த முறை இருக்கிறதா என்று கேளுங்கள், இந்த நோய்க்கு அது ஆடம்பரம் இல்லை.

முதல் இரண்டு வாரம், "இவ்வளவுதானா?" என்று இருக்கும். அப்புறம்தான் ஆரம்பிக்கும். மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு, தொடை இடுக்கில் சிவப்பு. நாலாவது, ஐந்தாவது வாரத்தில் இடுக்குத் தோலும் ஆசனவாயைச் சுற்றிய தோலும் உரிந்து ஈரமாகிவிடும். மலம் போகும்போது கண்ணில் தண்ணீர் வரும். இதை மென்று முழுங்கிச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை, முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. பேப்பரோ துணியோ வைத்துத் துடைக்க வேண்டாம், ஹேண்ட் ஷவர் தண்ணீர் போதும், பிறகு ஒற்றி எடுக்கவும். அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி நாளுக்கு மூன்று தடவை உட்காரலாம். உள்ளாடை இல்லாமல் தளர்ந்த பருத்திப் பாவாடையோ நைட்டியோ. மஞ்சள், வேப்பிலை அரைத்தது என்று யார் என்ன சொன்னாலும் அந்தத் தோலில் எதுவும் போடக் கூடாது. டாக்டர் கொடுக்கும் களிம்பு மட்டும். சாப்பாட்டில் அந்த மூன்று வாரம் கீரை, கொண்டைக்கடலையைக் குறைத்து, குழைந்த சாதம், மோர், ஜவ்வரிசிக் கஞ்சி, இட்லி. வலி மாத்திரையைத் தயங்காமல் கேட்க வேண்டும், வீரம் காட்டுகிற இடம் இது இல்லை. சிகிச்சை முடிந்து மூன்று நாலு வாரத்தில் தோல் ஆச்சரியமாக ஆறிவிடும்.

மைட்டோமைசின் ரத்த அணுக்களைக் குறைக்கும். வாராவாரம் ரத்த டெஸ்ட் உண்டு. இடையில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, அந்த ராத்திரியே மருத்துவமனை. 5-எஃப்யூவோ கேப்சிடபினோ சிலருக்கு உடம்பில் கரையாமல் தங்கிக் கடுமையாகத் தாக்கும். அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க டிபிடி என்று ஒரு ஜீன் டெஸ்ட் இருக்கிறது, வசதி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தோல் உரிகிறதே என்று நடுவில் ஒரு வாரம் லீவு போடுவதுதான் நான் பார்க்கிற பெரிய கெடுதல். ஆக்ட் 1 காலத்தில் நடுவே ஆறு வாரம் இடைவெளி விட்டுத்தான் கொடுத்தார்கள். ஆக்ட் 2-இல் அந்த இடைவெளியையே எடுத்துவிட்டார்கள், காரணம் அந்த ஓய்வில் கட்டியும் ஓய்வெடுத்துக்கொண்டு வளரும். தீபாவளி, மெஷின் ரிப்பேர் என்று நாள் போனால் அதை எப்படி ஈடுகட்டப் போகிறார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

நீண்ட கால விளைவுகளைப் பற்றி மருத்துவமனையில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை, உங்கள் அக்காவும் கேட்க மாட்டார், ஆகவே நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மலம் வந்தால் கொஞ்ச நேரம்கூட அடக்க முடியாத அவசரம் சிலருக்குத் தங்கிவிடும். பிறப்புறுப்பு வறண்டு சுருங்கலாம். அதற்கு டைலேட்டர் என்ற சாதனத்தைச் சிகிச்சை முடிந்து சில வாரத்தில் ஆரம்பித்துத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிற்காலத்தில் டாக்டர் உள்ளே பரிசோதிப்பதுகூடச் சிரமமாகிவிடும். இடுப்பு எலும்பு பலவீனமாகும். மாதவிலக்கு நிற்காதவராக இருந்தால் நின்றுவிடும். இதைப் படிக்கும் வேறு யாராவது குழந்தை பெறும் வயதில் இருந்தால், ஆரம்பிக்கும் முன்பே கருமுட்டை அல்லது விந்தணு சேமிப்பைப் பற்றிப் பேச வேண்டும். இதெல்லாம் சின்ன விலை இல்லை. அதனால்தான் சின்னக் கட்டிக்காரர்களுக்கு 50.4-க்குப் பதில் 41.4 கிரே போதுமா என்று பார்க்க ஆக்ட் 4 என்ற ஆய்வைத் தொடங்கினார்கள், அமெரிக்காவிலும் அதே போக்கில் ஓர் ஆய்வு உண்டு. அக்காவின் கட்டி அந்த அளவு வரம்புக்குள் வருவதால், உங்கள் ரேடியேஷன் டாக்டரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம். நீங்களாகக் குறைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

இனி சொல்வதுதான் முக்கியம். சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் தொட்டுப் பார்த்தால் கட்டி இன்னும் இருக்கும். வீட்டில் எல்லோரும் இடிந்து போவார்கள். "பார்த்தீர்களா, ஆபரேஷனே செய்திருக்கலாம்" என்று நாலு பேர் சொல்வார்கள். அப்போது அவசரப்பட்டு சதை டெஸ்ட் எடுத்தால் அதில் செல் தெரியக்கூடும், அதைப் பார்த்துப் பயந்து ஏபிஆர் செய்துவிடவும் கூடும். கதிர் பட்ட செல் அன்றே செத்து விழுவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கரையும். ஆக்ட் 2 ஆய்வில் 11-ஆம் வாரத்தில் கட்டி முழுசாகப் போகாதவர்கள் 209 பேர். எதுவும் செய்யாமல் காத்திருந்ததில் அவர்களில் 151 பேருக்கு 26-ஆம் வாரத்தில் கட்டி மறைந்திருந்தது. நூற்றுக்கு எழுபத்திரண்டு. அவசரப்பட்டிருந்தால் இத்தனை பேரும் தேவையில்லாமல் ஆசனவாயை இழந்திருப்பார்கள். கட்டி வளர்கிறது, புதிதாக நெறி கட்டுகிறது என்றால் மட்டும் முன்னதாகப் பார்க்க வேண்டும். சுருங்கிக்கொண்டோ அப்படியே நின்றுகொண்டோ இருந்தால் ஆறு மாதம் பொறுங்கள். இந்தக் கணக்கு சிகிச்சை ஆரம்பித்த நாளில் இருந்து ஓடுவது என்பதையும் கவனியுங்கள்.

26 வாரத்துக்குப் பிறகும் மிச்சம் இருந்தாலோ, பின்னால் திரும்பி வந்தாலோ அப்போது ஏபிஆர். முதலில் செய்யாமல் விட்ட ஆபரேஷன் கை நழுவிப் போகவில்லை, தேவைப்படும் சிறுபான்மைக்குக் காத்திருக்கிறது. அந்த நிலையிலும் கணிசமானவர்களைக் காப்பாற்றுகிறது. ஒரு சங்கடம் உண்டு, கதிர் பட்ட தோல் சீக்கிரம் ஆறாது. அதனால் தொடையில் இருந்தோ வயிற்றில் இருந்தோ சதை எடுத்து வைத்து மூட பிளாஸ்டிக் சர்ஜன் தேவைப்படும். பை வந்தவர்களும் வேலைக்குப் போகிறார்கள், பஸ்ஸில் போகிறார்கள், பேரனைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். நான் பையைப் பயமுறுத்தும் பொருளாகச் சொல்லவில்லை. தேவையில்லாமல் வர வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். கட்டி மறைந்துவிட்டாலும் ஐந்து வருடம் தொடர்ந்து போய்க் காட்ட வேண்டும். விரல் விட்டுப் பரிசோதனை, குழாய் வைத்துப் பார்ப்பது, தொடை இடுக்கைத் தடவிப் பார்ப்பது. ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு விரலால் பார்க்காமல் அனுப்பினால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எப்படி வந்தது என்று வீட்டில் குசுகுசுவென்று பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். பத்தில் ஒன்பது ஆசனவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் அதே வைரஸ். திருமண உறவு மட்டுமே உள்ள பெண்ணுக்கும் வரலாம், பல வருடம் சும்மா கிடந்துவிட்டுத் தலைதூக்கலாம். ஆசனவாய் வழி உறவு இருந்தால்தான் வரும் என்பது தவறு. பிரிட்டன், அமெரிக்காவில் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். ஹெச்ஐவி டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். எல்லோருக்கும் எடுப்பதுதான், எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று தெரிந்தால்தான் கீமோ அளவைத் தீர்மானிக்க முடியும், அதில் அவமானப்பட எதுவும் இல்லை. கர்ப்பப்பை வாயையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது புகை பிடிக்கிறவர்கள் இருந்தால் அந்த ஆறு வாரமாவது அக்கா பக்கத்தில் பிடிக்காமல் இருக்கட்டும்.

அடுத்த தடவை போகும்போது இடுப்பு எம்ஆர்ஐ ஸ்கேன் டிஸ்க்கையும் பெட் ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் கொண்டு போங்கள். கட்டி குழாய்க்குள்ளா தோலிலா, தசையைத் தொடுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். உங்கள் கேள்விக்கான விடை முழுக்க அந்த இரண்டு பதிலில் இருக்கிறது. முடிந்தால் சர்ஜனும் ரேடியேஷன் டாக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிற டியூமர் போர்டு உள்ள இடத்துக்குப் போங்கள். செலவு விஷயத்தில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அந்த மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்ட்டரில் ஐஎம்ஆர்டி எந்த பேக்கேஜில் வருகிறது என்று முதலிலேயே விசாரியுங்கள்.

கடைசியாக, இன்னும் மூன்று மாதத்தில் அக்காவின் மகள் கல்யாணம், அதை முடித்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஸ்லைடு திரும்பப் படிக்க, பிளான் போட, பல் வலி, சர்க்கரை என்று வேறு ஏதாவது இருந்தால் சரி செய்ய, இரண்டு வாரம் போவதில் ஒன்றும் ஆகாது. மூன்று மாதம் தள்ளினால் இந்தக் கட்டி இதே அளவில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இப்போது ஆரம்பித்தால் ஆறு வாரம் சிகிச்சை, நாலு வாரம் புண் ஆற. கல்யாணத்தன்று களைப்பு இருக்கும், பாத்ரூம் பக்கத்தில் இருக்கிற மண்டபமாகப் பார்க்க வேண்டும், மணையில் உட்கார மெத்தென்று ஒரு குஷன் வேண்டியிருக்கும். உட்கார்ந்துவிடுவார். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் எந்த ஸ்கேனும் வைத்துக்கொள்ள வேண்டாம், அப்போது கட்டி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.